நடவுப் பாட்டு கோயிலுக்குள்ள போன கதை

நடவுப் பாட்டைப் பத்தி ஒரு தடவை எழுதுங்கன்னு சென்னையிலேருந்து ரெண்டு மூணு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இப்பவும் பாடுறாங்களா, வந்தா கேக்கலாமான்னு. நேரா சொல்லிடறேன். எங்க பக்கம் வயல்ல இப்ப யாரும் பாடறதில்ல. பாதி வயல்ல மிஷின் நடவு. மிச்சத்துல நடற செட்டுல யாராவது ஒரு பொண்ணு இடுப்புல செல்போனைச் சொருகி சினிமாப் பாட்டு போட்டுவிட்டுடும். அதை நான் குத்தம் சொல்லமாட்டேன். காலையிலேருந்து குனிஞ்சே நிக்கிறது அவங்க, நான் வரப்புல நிக்கிறவன். ஆனா அந்தப் பாட்டு முழுசா போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. நான் அதைக் கடைசியா கேட்டது அரியமங்கலம் பக்கத்துல ஒரு மாதா கோயில்ல, தவக்காலத்துல.

திருச்சியில இருக்கிறவங்களுக்கு அரியமங்கலம்னா குப்பைமேடு ஞாபகம் வரும். இல்லைன்னா தஞ்சாவூர் ரோட்டு லாரிப் பட்டறை. எங்களுக்கு அது உய்யக்கொண்டான் வாய்க்கால். ராஜராஜனோட பட்டப்பேர்ல இருக்கிற வாய்க்கால் இது. பேட்டைவாய்த்தலையில காவேரியிலேருந்து பிரிஞ்சு, திருச்சி ஊரோட சாக்கடையெல்லாம் வாங்கிக்கிட்டு, அரியமங்கலம் தாண்டி வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் போகுது. எங்க வயல் அதுக்குக் கிழக்கே. அப்பா காலத்துலேருந்து எங்களுக்கு நடவு செட்டு அரியமங்கலம் பக்கத்துத் தெருவுலேருந்துதான் வரும். தெருவுல முக்கால்வாசி வீடு வேதக்கோயில் வீடு. நாங்க மாரியம்மனைக் கும்பிடறவங்க. இதை ஏன் சொல்றேன்னா, பூசை செபமெல்லாம் எனக்கு வெளியிலேருந்து பாத்ததுதான். பாட்டு மட்டும் சின்ன வயசுலேருந்து காதுல கிடக்கு.

செட்டைச் சேத்துக்கிட்டு வர்றது ஒரு ஆயா. எழுபது தாண்டிடுச்சு. எங்கப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரு, அந்தக் காலத்து வழக்கம், அதுல பெருமைப்பட ஒண்ணுமில்ல. நான் ஆயான்னு கூப்பிடுவேன், அது என்னைத் தம்பிம்பாங்க. பேர் எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

நடவுல பாட்டு எப்படிப் போகும்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். இருபது பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நிப்பாங்க. ஆயா ஒரு அடி எடுத்துக் குடுக்கும். மத்தவங்க அதை வாங்கிப் பாடணும். குனிஞ்ச நெஞ்சுல மூச்சு கொஞ்சம்தான் நிக்கும், அதனால அடி குட்டையா இருக்கும். மத்தவங்க வாங்கிப் பாடற நேரத்துல ஆயா மூச்சு வாங்கிக்கிட்டு அடுத்த அடியை யோசிச்சிடும். கை பாட்டுக்கு நாத்து முடியைப் பிரிச்சுக் குத்திக்கிட்டே இருக்கும். பாட்டு நின்னா கை பின்தங்கும், வரிசை கோணலாகும். எங்கப்பா பாட்டை ரசிச்சு நான் பாத்ததில்ல. ஆனா பாட்டு நின்னா "என்னாச்சு"ன்னு வரப்புலேருந்து குரல் குடுப்பாரு. கூலி ஒண்ணுதான், பாட்டோட நட்டா வேலை சீக்கிரம் முடியும்னு கணக்கு அவருக்கு.

அதே ஆயாதான் தவக்காலத்துல கோயில்ல புலம்பல் எடுத்துக் குடுக்கும்.

புலம்பல்னா, ஏசுவைச் சிலுவையில அறைஞ்ச பிறகு மாதா மகனை மடியில போட்டுக்கிட்டு அழற ஒப்பாரி. நம்ம சாவு வீட்டுல பாடற அதே ஒப்பாரிதான், மெட்டு கூட மாறல. பெத்து வளத்த கதையை முதல்லேருந்து சொல்லி, என்ன ஊட்டினேன், எங்க தூங்க வச்சேன்னு ஒவ்வொண்ணா எடுத்து அழறது. ஆயா பாடறப்போ மாதா புள்ளையைக் குளிப்பாட்டறது உய்யக்கொண்டான் தண்ணியிலதான். ஒருதடவை கேட்டேன், "ஏன் ஆயா, அவுரு பொறந்த ஊர்ல ஏது உய்யக்கொண்டான்?" "அப்ப எந்தத் தண்ணின்னு எனக்குத் தெரியாதே தம்பி. தெரிஞ்ச தண்ணியைத்தானே ஊத்தணும்"னு சொன்னிச்சு. அது குளிச்ச காலத்துல அந்தத் தண்ணி குடிக்கிற மாதிரி இருந்துச்சு, இப்ப மாட்டைக் கழுவக்கூட யோசிக்கணும்.

இது வருஷத்துல எப்ப வருதுன்னு பாருங்க. மேட்டூரை ஜூன் 12-ல தொறந்து ஜனவரி 28-ல மூடறது வழக்கம். சம்பா அறுப்பு முடிஞ்சு, வாய்க்கால் வத்தி, வயல்ல உளுந்து தானா காஞ்சுக்கிட்டு இருக்கிற நேரம். சாம்பல் புதன்லேருந்து பெரிய வெள்ளி வரைக்கும் நாப்பது நாள் அதுக்குள்ள வந்து உக்காந்துக்கும். சனத்துக்குக் கை சும்மா இருக்கும். நெல்லு வித்த காசு கொஞ்சம் இருக்கும், இல்ல, கடன் கட்டிட்டுக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. விராலிமலைப் பக்கம் ஆவூர் மாதிரி ஊர்கள்ல பாஸ்கு நாடகம் போடறதும் இந்தக் காலத்துலதான். உழவு ஓடற ஆடி மாசத்துல தவக்காலம் வந்திருந்தா இவ்வளவு ராத்திரி முழிச்சு யாரு பாடியிருப்பா?

இந்தப் புலம்பல் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அதுக்கு அவங்க மாமியார் சொல்லிக் குடுத்தது. அச்சான புலம்பல் வேற இருக்கு. கோவாவுல பொறந்து இலங்கைக்குப் போன யாக்கோமே கொன்சால்வெஸ்ங்கிற சாமியார், 1742-ல செத்தவர், வியாகுலப் பிரசங்கம்னு ஒண்ணு எழுதி வச்சிருக்காரு. தவக்காலத்துல அதை இழுத்து இழுத்து ராகமா வாசிக்கிறது கடலுக்கு ரெண்டு பக்கமும் உண்டு. ஆனா அதுக்குப் படிச்ச ஆள் வேணும். ஆயா பாடறது படிக்காதவங்களுக்கு. அந்தக் காலத்துப் பூசை லத்தீன்ல நடக்கும். சாமியார் சுவத்தைப் பாத்து என்னமோ சொல்வாரு, சனம் செபமாலையை உருட்டிக்கிட்டு இருக்கும். 1963-ல வத்திக்கான் சங்கம் அவங்கவங்க பாஷையில பூசை வைக்கலாம்னு சொன்ன பிறகுதான் கோயிலுக்குள்ள தமிழ் முழுசா வந்துச்சு. அதுக்கு முன்னாடி அந்தத் தெருச் சனத்துக்கு வாய்விட்டுத் தமிழ்ல சாமிகிட்டப் பேசக் கிடைச்ச இடத்துல இந்தப் புலம்பலும் ஒண்ணு. ஆயாவோட மாமியார் அதை விடாமப் பிடிச்சுக்கிட்டதுல ஆச்சரியமில்ல.

தமிழ்ல பூசை வந்த பிறகு புதுப் பாட்டு நிறைய வேண்டியிருந்துச்சு. நம்ம திருச்சியிலயே 1977-ல ஜார்ஜ் சாமியார் கலைக்காவிரி ஆரம்பிச்சாரு. அங்கேருந்து வந்த கேசட்டுங்க எங்க தெரு டீக்கடை வரைக்கும் ஓடுச்சு. நல்ல பாட்டுங்கதான், ராகம் தெரிஞ்சவங்க போட்டது. அதுலேருந்துதான் கோயில்ல பாடகர் குழுன்னு ஒண்ணு தனியா உக்கார ஆரம்பிச்சது, ஆர்மோனியம் போய் கீபோர்டு வந்ததுன்னு நான் நினைக்கிறேன். ஆயா அதுக்கு வேற விளக்கம் சொல்லும்: "பாடறவங்களுக்கு பெஞ்சு போட்டாங்க தம்பி, அன்னிக்கே முடிஞ்சுபோச்சு."

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரங்க கதை வேற. அவங்க கையில புத்தகம் உண்டு. அதுவும் நம்ம திருச்சி, தஞ்சாவூரைச் சுத்தித்தான். ஜெர்மனியிலேருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயர் திருச்சிக் கோட்டையில 1766-ல கோயில் கட்டினாரு. அவர் வளத்த பையன் வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலியில 1774-ல பொறந்து, தஞ்சாவூர்ல சரபோஜி ராஜா சபையில பாடினவர். பெத்லகேம் குறவஞ்சின்னு 1800-லயே எழுதிட்டாரு. குறவஞ்சி, கும்மி, கீர்த்தனைன்னு நம்ம சனம் எப்படிப் பாடுமோ அப்படியே வேதத்தைப் பாடினாரு. பின்னாடி 1853-ல எட்வர்ட் வெப்ங்கிற அமெரிக்க மிஷனரி அவர் பாட்டுகளையும் மத்தவங்க பாட்டுகளையும் சேத்து அச்சுப்போட்டாரு. இன்னிக்கும் சபைகள்ல பாடற கீர்த்தனைப் புத்தகத்துக்கு அதுதான் வேர். இங்கிலீஷ் ஞானப்பாட்டு எழுதின ஹீபர் பிஷப் 1826-ல செத்ததும் திருச்சியிலதான், கல்லறை செயின்ட் ஜான்ஸ் கோயில்ல இருக்கு. அந்தப் பக்கம் போனா பாருங்க.

சாஸ்திரியார் பேர்ல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கோயில்ல தமிழ்ப் பாட்டு பாடக்கூடாதுன்னு தடை சொன்ன மிஷனரிகளோட சண்டை போட்டவர் அவர். அதே மனுஷன், கோயில்ல சாதி பாக்காம சமமா உக்காரணும்னு அந்த மிஷனரிகள் சொன்னப்போ, கூடாதுன்னும் சண்டை போட்டாரு, 1829 வாக்குல புத்தகமே எழுதினாரு. பாட்டு எங்களோடது, உக்கார்ற இடமும் எங்களோடதுன்னு. கத்தோலிக்கப் பக்கமும் ஒண்ணும் ஒழுங்கில்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறையில தலித் சனத்தோட குழியைத் தனியாப் பிரிச்சு நடுவுல சுவர் நின்னது ஊருக்கே தெரியும்.

பறை விஷயமும் இங்கதான் வருது. ஆயா தெருவுல சாவுக்குப் பறை உண்டு, மாரியம்மன் காப்புக்கு எங்க தெருவுக்கும் அவங்கதான் வந்து அடிப்பாங்க. அவங்க சொந்தக் கோயிலுக்குள்ள மட்டும் பறை வராது. கேட்டா, அது சாவு மேளம், அசுத்தம்னு பெரியவங்களே சொல்வாங்க. ஒப்பாரி உள்ள வரலாம், அதுக்குக் கூட அடிக்கிற மேளம் வரக்கூடாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில தியாபிலஸ் அப்பாவுன்னு ஒரு ஐயர் இருந்தாரு, பரட்டைன்னா எல்லாருக்கும் தெரியும், 2005-ல காலமாயிட்டாரு. அவர் பறையையும் கும்மியையும் ஒப்பாரியையும் ஆராதனைக்குள்ள கொண்டுவந்தாரு. கர்நாடகக் கீர்த்தனை பாட குரு வேணும், சுதி வேணும், தப்பா பாடினா திருத்த ஒருத்தன் வேணும். கிராமத்து மெட்டுன்னா சனம் தனக்குத் தோதா மாத்திப் பாடிக்கும், அதனால அதுதான் அவங்களுக்கு விடுதலைப் பாட்டுங்கிறது அவர் கட்சி. ஜோ ஷெரினியன்னு ஒரு அமெரிக்க அம்மா அவரைப் பத்தியே பெரிய புத்தகம் எழுதி 2014-ல வெளியாச்சு.

எனக்கு அவர் சொன்னது சரின்னு பட்டதுக்குக் காரணம் ஆயாதான். ரெண்டு வருஷம் முன்னாடி அதோட பேத்தி, காலேஜ்ல படிக்குது, புலம்பலை நோட்டுல எழுதறேன்னு உக்காந்துச்சு. மொத நாள் எழுதினதும் மறுநாள் பாடினதும் ஒத்துவரல. அடி முன்னபின்ன வருது, சில அடியே புதுசா இருக்கு. "எது ஆயா சரி?"ன்னு பேத்தி சலிச்சுக்குது. ஆயாவுக்குக் கேள்வியே புரியல. வாங்கிப் பாடறவங்க யாரு, புருஷன் செத்தவ எத்தனை பேரு, புள்ளையைப் பறிகொடுத்தவ உக்காந்திருக்காளா, இதையெல்லாம் பாத்துத்தான் அது அடி போடும். அந்த வருஷம் தெருவுல ஒரு பையன் பைக் விபத்துல போயிட்டான். அவனோட அம்மா முன்னால உக்காந்திருந்தாங்க. ஆயா அன்னிக்கு ஆணி அடிக்கிற பகுதியையே விட்டுடுச்சாம். அதுக்குப் பதிலா மாதா மகன் வருவான்னு வாசல்ல விளக்கு வச்சுக் காத்திருக்கிற மாதிரி ரொம்ப நேரம் பாடுச்சாம். அந்தம்மா அன்னிக்குத்தான் மொத மொத வாய்விட்டு அழுதாங்கன்னு பேத்தி சொன்னிச்சு. அந்த அடி எதுவும் நோட்டுல இல்ல.

எடுத்துக் குடுத்து வாங்கிப் பாடறது நம்ம ஊர்ல மட்டும் இல்லங்கறதை என் தங்கச்சி மகன் யூடியூப்ல காட்டினான். 1645-ல இங்கிலாந்துல ஒரு விதி போட்டாங்க: சனத்துல படிக்கத் தெரியாதவங்க நிறைய இருந்தா, ஒருத்தர் சங்கீதத்தை வரிவரியா சொல்லிக் குடுக்கணும், மத்தவங்க அதைப் பாடணும்னு. அது ஸ்காட்லாந்துத் தீவுகள்ல இன்னும் இருக்கு. அமெரிக்காவுல பருத்திக்காட்டு அடிமைச் சனத்துக்கிட்டப் போய் வேற மாதிரி ஆயிடுச்சு. ஒருத்தர் வேகமா வரியைச் சொல்ல, மத்தவங்க அதை அலை மாதிரி இழுத்துப் பாடறாங்க. வயல்ல பாடினவங்க அவங்களும். 1930-கள்ல தாமஸ் டார்சின்னு ஒருத்தர் ப்ளூஸ் வாசிச்ச அதே விரலோட கோயில் பாட்டு போட்டப்போ, இது சாராயக்கடை மெட்டுன்னு அங்க உள்ள பெரிய கோயில்கள்ல உள்ள விடல. இப்ப உலகம் பூரா காஸ்பெல்னு சொல்றது அதைத்தான். ஆயாவுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். ஒரு கிழவர் வரியைச் சொல்ல சனம் வாங்குது. கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "இவங்க எந்தப் பங்கு?"ன்னு கேட்டிச்சு.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்லணும். கோயிலைப் புதுப்பிச்சு, ஸ்பீக்கர் பெட்டி எட்டு மாட்டியிருக்காங்க. பெரிய வெள்ளி ஆராதனையை யூடியூப்ல நேரலையா விடறாங்க, வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்க பாக்கறதுக்கு. அதுல தப்பில்ல. பாடகர் குழுப் பசங்க டிராக் வச்சு ஒரு சோகப் பாட்டு தயார் பண்ணிட்டாங்க. ஆயாவுக்கு, "பாட்டி, நீங்க கடைசியில பத்து நிமிஷம் பாடுங்க"ன்னு சொல்லி மைக்கைக் கையில குடுத்தாங்களாம். பேத்தி எனக்குப் போன்ல காட்டினிச்சு. ஆயா குரல் அப்படியே கம்பீரமா இருக்கு. ஆனா எடுத்துக் குடுத்தா வாங்க ஆள் இல்ல. பொம்பளைங்க எல்லாரும் இருக்காங்க, உதடும் அசையுது. ஆயா குரல் எட்டு பெட்டியிலயும் கத்தறப்போ பக்கத்துல இருக்கிறவ பாடறது காதுல விழுமா? தன் குரலே தனக்குக் கேக்காதப்போ எவ வாய் தொறப்பா? மூணாவது அடியில எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆயா பாட்டுக்கு ஒவ்வொரு அடி முடிஞ்சும் வழக்கப்படி நிறுத்துது. அந்த இடைவெளியில ஒண்ணும் வரல. வெறும் ஃபேன் சத்தம். அஞ்சாவது அடியோட முடிச்சுட்டு உக்காந்துடுச்சு. கீழ ஒருத்தர், பழைய பாட்டு ரொம்ப அருமைன்னு கைகூப்புற பொம்மை போட்டிருந்தாரு.

பாடகர் குழுப் பசங்க கெட்டவங்க இல்ல. பாட்டிக்கு மரியாதை பண்ணினோம்னுதான் அவங்க நினைக்கிறாங்க. மேடையில ஏத்தி மைக் குடுக்கறதை விட வேற என்ன மரியாதைன்னு அவங்களுக்குத் தெரியல. வயல்ல நட்டவங்களுக்குத்தான் அது தெரியும், பக்கத்துல இருக்கிறவ மூச்சு காதுல விழற தூரத்துல நின்னு பாடினவங்களுக்கு. பங்குச் சாமியார்கிட்ட ஆயா போய்ப் பேசிச்சாம், தரையில வட்டமா உக்காந்து மைக் இல்லாமப் பாடறோம்னு. அவரும் நல்லவிதமாத்தான் சொல்லியிருக்காரு: அப்படிப் பாடினா நேரலையில சத்தம் சரியா விழாது, அதனால ஆராதனைக்குள்ள வேண்டாம், முடிஞ்ச பிறகு வெளியில எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாடிக்கலாம்னு.

பெரிய வெள்ளி முடிஞ்ச மறுநாள் காலையில ஆயா எங்க வீட்டு வாசல்ல நிக்குது. நான் நினைச்சது உளுந்து பறிக்க ஆள் பத்திப் பேச வந்திருக்குன்னு.

"தம்பி, நெல்லு காயப்போடற படுதா ரெண்டு இருக்குல்ல, அது வேணும்."

"எதுக்கு ஆயா?"

"கோயிலுக்குப் பின்னாடி புளியமரத்தடியில விரிக்கணும். நேத்து பாடாம விட்டதை இன்னிக்கு ராத்திரி பாடிரலாம்னு இருக்கோம். சாமியார் ஒண்ணும் சொல்லல."

"இன்னிக்கு ராத்திரி உயிர்ப்புப் பூசை இல்லையா? அது சந்தோஷமா பாடற ராத்திரியாச்சே?"

"அது பதினோரு மணிக்கு மேல. அதுவரைக்கும் அவுரு செத்துத்தானே கெடக்குறாரு."

பறை அடிக்கிற அவங்க தம்பி மகனும் வர்றான்னு சொன்னிச்சு. வெளியில தானே, யாரும் கேக்கமாட்டாங்க. படுதாவை எடுத்துக் குடுத்தேன். பிரிச்சுப் பாத்து, ஒரு மூலையில எலி கடிச்சிருக்கிறதைக் கண்டுபிடிச்சு, ஓட்டை படுதாவைத் தர்றியேன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத்தான் தூக்கிக்கிட்டுப் போச்சு.

ராத்திரி நான் போனேன். நாப்பது பொம்பளைங்களுக்கு மேல இருக்கும். பாடகர் குழுவுல கீபோர்டு வாசிக்கிற பையனும் ஓரமா குந்தியிருந்தான், போனை எடுக்கல. நான் எதுவும் ரெக்கார்டு பண்ணல, அதனால கேக்காதீங்க. படுதா ரெண்டும் மூணு வாரம் கழிச்சுத்தான் திரும்பி வந்துச்சு, பூரா மெழுகு ஒட்டிக்கிட்டு. உளுந்து காயப்போட நான் புதுசு ஒண்ணு வாங்கவேண்டியதாப் போச்சு.